அளந்தவர்கள் திரும்பி வந்து சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தேயிலைத் தோட்டப்புறப் பிள்ளைகளின் போசாக்குக் குறைபாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார அளவாய்வையே எடுத்துக்காட்டுகின்றனர். ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம் என்பது அதன் கணக்கு. இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் எதுவுமில்லை. ஆனால் குடும்பநல உத்தியோகத்தராக நான் கடமையாற்றிய காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து பிள்ளைகளை அளந்து சென்ற எவரும், தாங்கள் கண்டது இன்னதென்று அந்தத் தாய்மாரிடம் திரும்பி வந்து சொன்னதை ஒரு தடவையேனும் நான் பார்த்ததில்லை.

குறை அளக்க வந்தவர்களிடம் மட்டும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளிடம் இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிறீர்களா என்று நானும் வீடு வீடாகக் கேட்டேன். "குடிக்கிறோம் மிஸ்" என்ற பதிலைப் படிவத்திலும் எழுதினேன். ஆயினும் இரத்தச்சோகை குறையவில்லை. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவின் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி, சிமெந்துத் தரையில் சோக்கால் தங்கள் டிவிஷனை, அதாவது தோட்டத்தின் தங்கள் பிரிவை, வரைந்தார்கள். லயங்கள், தண்ணீர் பிடிக்கும் பீலி, கொழுந்து நிறுக்கும் மடுவம், அன்றைக்குக் கொழுந்தெடுக்கும் மலை என்று ஒவ்வொன்றாகக் குறிக்கக் குறிக்க, படிவம் கேட்காத விடயங்கள் வெளிவந்தன. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலையேறினால் குமட்டுகிறது. மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீர் குடிக்கவும் பயம். சாப்பிட்டுவிட்டுக் குடித்தாலும் ரொட்டியோடு தேத்தண்ணியும் சேர்ந்தே உள்ளே போகிறது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்பதை நான் சொன்னேன். அப்படியென்றால் இராச் சோற்றுக்குப் பிறகு, தேத்தண்ணி இல்லாமல் மாத்திரையைக் குடிக்கலாமே என்ற வழியைச் சொன்னவர் மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒரு தொழிலாளி.

மக்கள் பங்கேற்பு ஆய்வு என்று பெரிய பெயரில் அழைக்கப்படுவது இவ்வளவுதான். தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று 1978இல் அல்மா-ஆட்டா பிரகடனம் கூறியது. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் அவ்வூர்ப் பெண்ணொருவர் மாதந்தோறும் கூட்டங்களை நடத்த, பெண்களே பிரச்சினைகளைக் கண்டறிந்து, பணம் சேர்த்து, நோயாளரைத் தூக்கிச் செல்லும் ஏற்பாடுகளையும் செய்துகொண்டனர். அங்கு பிறந்த சிசுக்களின் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 2014இல் உலக சுகாதார ஸ்தாபனமும் இம்முறையைப் பரிந்துரைத்தது. மக்வான்பூரும் மலைநாடுதான், பாதைகளும் நம்முடையவற்றைவிட நல்லவையாக இருந்திருக்காது.

ஆனால் வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கி, பிஸ்கட் பொதி கொடுத்து அனுப்புவதும் இங்கு பங்கேற்பு என்றே அழைக்கப்படுகிறது. அத்தகைய கூட்டங்களில் தோட்டத் தலைவர்மாரே பேசுவார்கள். பெண்கள் சுவரோரம் நிற்பார்கள். வேலை நாளில் கூட்டம் வைத்தால் கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேராகிவிடும், அதாவது அரை நாள் சம்பளமே கிடைக்கும். ஞாயிறென்றால் விறகும் துணி துவைப்பும் காத்திருக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கும் பேர் போடத் தோட்ட நிர்வாகம் உடன்படாதவரை, வராத பெண்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் வழங்கப்படும் பயிற்சியில், படிவம் நிரப்புவதோடு இவ்வாறு கூடியிருந்து கேட்கும் முறையையும் சேர்க்குமாறு சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். இனி அளவெடுக்க வருவோர், எந்த நிறுவனத்தினராயினும், கேள்விகளை முதலில் அந்த டிவிஷன் பெண்களோடு இருந்து தயாரிக்கட்டும். முடிவுகளைத் தமிழில் எழுதிப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டிவிட்டே கொழும்புக்குப் புறப்படட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
பொகவந்தலாவை