எடை மட்டும் பார்த்து மவுஸ் வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் கேமிங் மவுஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எடை குறையக் குறைய மவுஸ் உசத்தி என்று கிராம் கணக்கில் வரிசை போட்டிருக்கிறீர்கள். அந்த வரிசையை நம்பி வாங்கினால் பலருக்கு அது கைக்கே ஒத்துவராது, அதனால்தான் இந்தக் கடிதம். எடை முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

ஒரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. கனமாக இருந்தால்தான் தரமான மவுஸ் என்று ஒரு எண்ணம். 2014-இல் வந்த லாஜிடெக் ஜி502-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் மவுஸே 121 கிராம், அது போதாதென்று உள்ளே போட்டுக்கொள்ள 3.6 கிராமில் ஐந்து எடைத்துண்டுகளை வேறு டப்பாவில் வைத்துக் கொடுத்தார்கள்! அப்புறம் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட மவுஸ்கள் வந்தன. 2019-இல் குளோரியஸ் மாடல் ஓ 67 கிராம். 2020-இல் லாஜிடெக்கின் சூப்பர்லைட், ஓட்டையும் இல்லை வயரும் இல்லை, 63 கிராமுக்குள் வந்துவிட்டது. 2024-இல் ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராம். இந்த ஓட்டத்தில் எல்லோருக்கும் கிராம் ஜுரம் பிடித்துவிட்டது.

எடை எங்கே உதவுகிறது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் பலரும் சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸை நகர்த்தினால் ஆட்டத்தில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவை, குறைத்து வைத்துத்தான் ஆடுகிறார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் 800 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எண்ணும் புள்ளிகள்), சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தால், ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் மேசைமேல் சுமார் 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். பெரிய மவுஸ்பேட்கூடப் பல சமயம் 45 சென்டிமீட்டர் அகலம்தான். ஆக, இழுத்து, தூக்கி, நடுவுக்குக் கொண்டுவந்து வைத்து, மறுபடி இழுப்பது என்று ஒரே ஆட்டத்தில் எத்தனையோ தடவை நடக்கும். தூக்குவதற்கும், வேகமாக இழுத்த மவுஸைச் சட்டென்று நிறுத்துவதற்கும் எடை குறைவாக இருந்தால் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சென்சிட்டிவிட்டியை ஏற்றி வைத்து மணிக்கட்டிலேயே ஆடுகிறவருக்கும், வியூக விளையாட்டு ஆடுகிறவருக்கும் இந்தத் தூக்கும் வேலையே பெரிதாக இல்லை. அவர்கள் எதற்காக 54 கிராமைத் தேடி அலைய வேண்டும்?

இன்னொன்று, 120 கிராமிலிருந்து 70-க்கு வந்தால் கை உடனே சொல்லிவிடும். 60-லிருந்து 54-க்கு வந்தால்? என்னைக் கேட்டால், அந்த ஆறு கிராமை விளம்பரத்தில் படிப்பவர்களே அதிகம், ஆட்டத்தில் உணர்பவர்கள் குறைவு. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை. பேட்டரி பின்பக்கமாகத் தள்ளி இருந்தால், தூக்கும்போது பின்பாகம் தாழ்ந்து பேடில் உரசும். அந்த மவுஸ் எத்தனை கிராம் என்பது அப்போது யாருக்கு வேண்டும்?

வடிவத்துக்கு வருகிறேன், விஷயமே இங்கேதான் இருக்கிறது. உள்ளங்கை முழுவதையும் மவுஸ்மேல் சாய்த்துப் பிடிக்கிறவர் உண்டு, விரல்களை மடக்கி நகம் ஊன்றுவதுபோலப் பிடிக்கிறவர் உண்டு, விரல் நுனியால் மட்டும் தொட்டு ஆட்டுகிறவர் உண்டு. முதல் ஆளுக்கு முதுகு உயர்ந்த, நீளமான மவுஸ் வேண்டும், மூன்றாமவருக்குக் குட்டையாக இருந்தால்தான் நல்லது. மேலே சொன்ன சூப்பர்லைட்டின் நீளம் 125 மில்லிமீட்டர், வைப்பர் வி3 ப்ரோ 127. அகலமும் உயரமும்கூட கிட்டத்தட்ட ஒன்றுதான். இருந்தும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள், முதுகின் மேடு எங்கே இருக்கிறது, பக்கவாட்டு எப்படி வளைகிறது என்பதிலேயே இரண்டும் வேறு வேறு ஆளாகத் தெரியும். அதனால் முடிந்தவரை கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், முடியாவிட்டால் திருப்பித்தர வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். கைக்குச் சின்னதாகிவிட்ட மவுஸை இறுக்கிப் பிடித்தே ஆட வேண்டியிருக்கும், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் கை களைத்துப்போகும். இடதுகைக்காரர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும் மவுஸ்களில்கூடப் பக்கவாட்டுப் பட்டன்கள் பெரும்பாலும் இடதுபக்கம் மட்டுமே இருக்கும், அவர்கள் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கையில் எடுத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் அழுத்துங்கள். கிறீச்சென்று சத்தம் வருகிறதா, ஓடு உள்ளே அமுங்கிப் பக்கவாட்டு பட்டன் தானாகக் கிளிக் ஆகிறதா? எடையைக் குறைக்க பிளாஸ்டிக்கை மெலிதாக்கியதன் விலை அது. ஓட்டை போட்ட ரகம் என்றால் வியர்வையும் தூசியும் உள்ளே இறங்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிபிஐ எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். 26,000 என்று போட்டிருப்பான், ஆனால் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 400-க்கும் 1,600-க்கும் நடுவிலேயே இருக்கிறார்கள். அதேபோலத்தான் 8,000 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 1,000 தடவை தகவல் அனுப்பும் மவுஸ் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பேசுகிறது, 8,000 என்றால் 0.125 மில்லிசெகண்ட். உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் அது அடுத்த படத்தைக் காட்டவே ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் ஆகிறது. 8,000-இல் ஓட்டினால் பேட்டரி மளமளவென்று இறங்கும், பிராசஸருக்கும் கூடுதல் வேலை. 1,000-மே போதும் என்பது என் கட்சி.

புது மவுஸ் வாங்கும் முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை வேகமாக இழுத்தால் ஒரு தூரம், மெதுவாக இழுத்தால் வேறு தூரம் என்று கர்சர் போகும். மவுஸை நேரடியாகப் படிக்கிற விளையாட்டுகளை அது தொடாது, மற்றவற்றில் கை எப்படிப் பழகும்? அப்புறம் மவுஸ்பேட். தேய்ந்து, நடுவில் பளபளவென்று ஆகிவிட்ட துணிப் பேடில் எந்த மவுஸும் சரியாக வழுக்காது, அதை மாற்றிப் பார்த்தபின் புது மவுஸ் தேவையா என்று முடிவெடுங்கள்.

கட்டுரையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குப் பரிசாக வாங்கிவைக்க நினைக்கிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், கை அவர்களுடையது. வயர்லெஸ் மவுஸ் வாங்கினால் டப்பாவை உடனே தூக்கிப் போடாதீர்கள். மவுஸின் சிக்னலை வாங்க கம்ப்யூட்டரில் செருகும் ரிசீவரை நீட்டிவைக்கும் ஒரு குட்டி அடாப்டர் பலதில் உள்ளேயே வரும், அதை சார்ஜிங் வயரில் மாட்டி ரிசீவரை மவுஸ்பேட் பக்கத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரின் பின்னால், யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளுக்கு நடுவில் செருகிவைத்தால் சிக்னல் இடறி மவுஸ் விட்டுவிட்டு ஓடும், பிள்ளையும் மவுஸைத்தான் குறை சொல்லும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்