பருவ நிறைவுக் கடிதம்: "வெறும் சளிதான் டீச்சர்"

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சி வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. தேர்வு முடிவுகளும் திருப்திதான். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். (சின்ன விஷயம் என்று தொடங்கினாலும் கடிதத்தின் மிச்சம் முழுக்க இதுதான்.)

சில வாரங்களாகவே, காலையில் சிரித்துக்கொண்டு வகுப்புக்குள் வரும் பிள்ளைகள் சிலர் 11 மணி வாக்கில் மேசையில் தலை சாய்த்துவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. வீட்டுக்கு போன் செய்தால் பெரும்பாலும் ஒரே பதில்: "வெறும் சளிதான் டீச்சர், மருந்து கொடுத்துதான் அனுப்பினேன்." பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். 7 மணிக்குக் கொடுத்தது 11 மணிக்கு அடங்கத் தொடங்கிவிடும். அது காய்ச்சலைத்தான் தணிக்கிறது, நோய் பக்கத்து இருக்கைக்குப் போவதைத் தடுப்பதில்லை.

ஒவ்வொரு தும்மலுக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 6, 8 முறை சளி பிடிப்பது இயல்பு. சளி பிடிக்க வைக்கும் வைரஸ்களே 200க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் விடுப்பு என்றால் நான் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான். எது சளி, எது சளி மாதிரி வருவது என்று பார்த்து அனுப்புங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சளி மெதுவாக வரும். முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு மூக்கு ஒழுகும், தும்மல் வரும். காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். பிள்ளை சிணுங்கினாலும் விளையாடும். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் சரியாகிவிடும். ஃப்ளூ அப்படி இல்லை. மத்தியானம் ஓடியாடிய பிள்ளை சாயங்காலம் சுருண்டு படுத்துவிடும்: திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, கைகால் குடைச்சல். எந்த நேரத்தில் தொடங்கியது என்று உங்களால் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடிந்தால் ஃப்ளூவைச் சந்தேகியுங்கள். கோவிட் இந்த இரண்டு மாதிரியும் வரும். பரிசோதனை செய்யாமல் அதை நீங்களும் சொல்ல முடியாது, நாங்களும் சொல்ல முடியாது.

மூக்கு ஒழுகவில்லை, இருமலும் இல்லை, ஆனால் காய்ச்சலோடு எச்சில் விழுங்கவே வலிக்கிறது என்றால் அது பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சியாக இருக்கலாம். மருத்துவர் பார்த்து உறுதி செய்தால் அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். சளிக்கும் ஃப்ளூவுக்கும் அந்த மருந்தால் பயனில்லை. மூக்குச்சளி பச்சையாக வருகிறதே என்று போன தடவை மிஞ்சிய பாட்டிலைத் திறக்காதீர்கள். சாதாரணச் சளியிலும் நிறம் மாறும்.

எனக்கு அதிகக் கவலை தருபவை சளி வேஷத்தில் தொடங்கும் இரண்டு நோய்கள். கக்குவான் இருமல் முதல் ஓரிரு வாரம் அப்பட்டமாகச் சளி போலவே இருக்கும், மூச்சுத் திணறும் தொடர் இருமல் அதற்குப் பிறகுதான் வரும். தட்டம்மையும் காய்ச்சல், இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்த கண் என்றுதான் ஆரம்பிக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அது பரவும். தடுப்பூசி அட்டையை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாரக்கணக்கில் தும்மும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் தங்கள் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம் என்று சிலர் கேட்டீர்கள். காய்ச்சல் இல்லாமல், கண்ணும் மூக்கும் அரித்து, தண்ணீராக ஒழுகினால் அது அநேகமாக அலர்ஜி. அலர்ஜி யாருக்கும் ஒட்டாது. அந்தப் பிள்ளை அதே இடத்தில்தான் உட்காரும்.

இனி விதியைச் சொல்லிவிடுகிறேன். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். மருந்தால் மறைத்து அனுப்பியது தெரிந்தால் உடனே அழைப்போம், உடனே வர வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். உங்கள் வீட்டு லேசான சளி அவர்களுக்கு லேசாக இருக்காது.

மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலோ, அது என்ன நோய் என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

திடீரென்று விடுப்பு கிடைக்காத வேலை எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. போன வாரம் காய்ச்சலோடு வந்த ஒரு சிறுமி, "முழு வருகைச் சான்றிதழ் போயிடும்னுதான் வந்தேன்" என்றாள். சரி, அந்தச் சான்றிதழை இந்தப் பருவத்தோடு நிறுத்திவிட்டோம். வராத நாட்களின் பாடக் குறிப்புகளை வகுப்பாசிரியர் அனுப்பிவைப்பார்.

காலை 8 மணிக்கு முன்பே போன் செய்து, "இன்னைக்கு அனுப்பலை டீச்சர், ராத்திரியெல்லாம் காய்ச்சல்" என்று சொல்லும் பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்து பிள்ளைகளைப் பார்க்கக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்