வீட்டை ஒரே நாளில் எல்லாருக்கும் திறந்து காட்டலாமா?

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களே,

வணக்கம். வீடு விற்றுத் தரும்படி எங்களிடம் வந்தவர்களில் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ரொறன்ரோவில் மகன் சொன்னானாம், மெல்பேர்னில் தங்கை சொன்னாளாம்: அங்கெல்லாம் வீடு விற்கும்போது ஒரு நாளைக் குறித்துக் கதவைத் திறந்து வைப்பார்கள், விரும்பியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அதை ஓபன் ஹவுஸ் என்பார்கள். திருகோணமலையில் நாங்களும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம். பூட்டிக் கிடக்கும் வீடு, காணிப் பத்திரங்கள் துப்புரவாக இருக்கின்றன, உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று கிழமைக்குத்தான் வருகிறார் என்றால் வைக்கலாம். சில வேளை வைக்கத்தான் வேண்டும்.

அங்கே அது சரிவருவதற்குக் காரணம் இருக்கிறது. மெல்பேர்னில் நிறைய வீடுகள் ஏலத்தில் போகின்றன. ஏலத்துக்கு முந்திய சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் வீடு திறந்திருக்கும். வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் போட்டி விலையை ஏற்றும். எங்கள் ஊரில் விலை பேசித்தான் முடிகிறது. விறாந்தையில் பத்துப் பேர் நிற்கும்போது முதலாவது ஆள் "இதுக்கு இவ்வளவுதான் போகும்" என்று ஒரு தொகையைச் சொன்னால், அது மற்ற ஒன்பது பேரின் காதிலும் விழுந்துவிடும். பிறகு அந்தத் தொகைக்கு மேலே பேச்சை எடுப்பது பெரும்பாடு.

குடியிருக்கும் வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. படலை திறந்திருக்கிறது என்றால் வருகிறவர்களில் பாதிப்பேர் அயலட்டையும் தெரிந்தவர்களும்தான். அவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் குசினியில் என்ன இருக்கிறது, எந்த அறையில் யார் படுத்திருக்கிறார், ஏன் விற்கிறார்கள் என்பதெல்லாம் அன்று பின்னேரமே கடைத்தெரு வரை போய்விடும். மகளின் கலியாணச் செலவுக்கு விற்கிறவருக்கும், கடன் தீர்க்க விற்கிறவருக்கும் அது பெரிய வேதனை. அவசரத்தில் விற்கிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பினாலே விலை இறங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டை நாங்கள் ஒவ்வொரு குடும்பமாக, நீங்கள் சொல்லும் நேரத்தில் கூட்டிவந்து காட்டுவோம். எங்களுக்கு நடை கூடும், பரவாயில்லை.

எங்கள் பிழை ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சில வருடங்களுக்கு முன் நகரத்துக்குள் ஓர் ஒழுங்கையில் இருந்த பூட்டிய வீட்டுக்கு இப்படி ஒரு நாள் வைத்தோம். வீட்டைக் கழுவி, புல்லு வெட்டி, கிணற்றை இறைத்து எல்லாம் செய்தோம். பதினொரு குடும்பங்கள் வந்தன. பக்கத்து வளவுக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் படலையடியில் நின்றுகொண்டு, பின் மதில் தன் காணிக்குள் இரண்டடி வந்து நிற்கிறது என்று வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னார். பிறகு நில அளவையாளரைக் கூட்டிவந்து அளந்தபோது மதில் வரைபடத்தில் உள்ளபடி சரியாகவே இருந்தது. ஆனால் "அந்தக் காணியில் எல்லைப் பிரச்சினை" என்ற கதை எங்களை முந்திவிட்டது. வீடு விற்க ஏழு மாதம் எடுத்தது. அளந்த பிறகு, அயலவரோடு கதைத்த பிறகு வைத்திருக்க வேண்டிய நாளை நாங்கள் அவசரப்பட்டு முன்னால் வைத்துவிட்டோம். அந்த உரிமையாளரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டோம்.

அதனால் இப்போது பத்திரங்களைப் பார்க்காமல் நாள் குறிப்பதில்லை. உங்கள் பெயருக்கு வந்த உறுதி (காணி உங்களுடையது என்று காட்டும் பத்திரம்), அதற்கு முந்திய உறுதிகள், நில அளவை வரைபடம், காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி, வரி கட்டிய ரசீது எல்லாம் வேண்டும். வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுப்பவரென்றால், வங்கியின் சட்டத்தரணி வழக்கமாக 30 வருடப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்ப்பார். தாய் தகப்பன் பெயரில் இருந்து சகோதரர்களுக்குப் பொதுவாக வந்த வீடு என்றால், எல்லாரும் சம்மதம் என்று வாயால் சொன்னால் போதாது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்ப வேண்டும், அது இங்கே பதிவாகியிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது உறுதியா, அரச காணியில் இருக்க அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரமா என்றும் கேட்போம். கந்தளாய்ப் பக்கம் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகள் பல அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை உறுதிக் காணியைப் போல, நினைத்த ஆளுக்கெல்லாம் விற்க முடியாது. இதில் ஏதாவது குறை இருந்தால் கூட்டத்தைக் கூட்டுவது அந்தக் குறையை ஊருக்குப் பறையடித்துச் சொல்வதாகத்தான் முடியும்.

சரி, எல்லாம் துப்புரவாக இருக்கிறது, வீடும் பூட்டிக் கிடக்கிறது. எப்போது வைப்பது? எங்கள் வேலையில் அதிகம் தலையைப் பிய்ப்பது இந்த இடத்தில்தான். வெளிநாட்டுக்காரர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு யூலை, ஓகஸ்டில் வருவார்கள். அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் ஆட்கள் வீடு வாங்குவது குறைவு, முற்பணம் கொடுக்கவும் தயங்குவார்கள். ஆகவே ஓகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்த பிறகு வரும் முதலாவது, இரண்டாவது ஞாயிறுகளைத்தான் நாங்கள் சொல்வோம். டிக்கெட் போடும்போதே அதை நினைத்துப் போடுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை, ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், தூரத்தில் இருந்து வருகிறவர்கள் வரமாட்டார்கள். ஆனால் வாங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது வேறு: மழை பெய்யும்போது ஒரு முறை, கச்சான் காற்றடித்துக் கிணறு வற்றும்போது ஒரு முறை வந்து பாருங்கள். ஒழுக்கும் உவரும் அப்போது தெரியும். விற்கிறவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறோம். கூரை ஒழுகுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் கடற்காற்று வரும், வீடு குளிர்ச்சியாக இருக்கும், அதுதான் நல்ல நேரம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை இராகு காலம். வாங்கும் நோக்கத்தோடு ஒரு வீட்டுக்குள் முதல் காலடி வைப்பதற்கு அந்த நேரத்தைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். நம்பாதவர்கள்கூட அம்மா சொன்னா என்று தவிர்ப்பார்கள். ஆகவே காலை 9 மணி முதல் 11.30 வரை வைக்கிறோம். பூசைக்குப் போய்விட்டு வருபவர்களுக்கும் அது தோதாக இருக்கிறது. ஒரு குறை உண்டு. நேரில் வந்து நிற்பவர் சித்தப்பாவாக இருப்பார், முடிவு எடுப்பவர் வெளிநாட்டில் இருப்பார். இங்கே காலை 9.30 என்றால், ஓகஸ்டில் ரொறன்ரோவில் நள்ளிரவு, லண்டனில் விடிகாலை 5 மணி, மெல்பேர்னில் மட்டும் பிற்பகல் 2 மணி. அதனால் வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு அடுத்த நாள் தனியாக நேரம் ஒதுக்குகிறோம்.

அன்று வருகிறவர்கள் எல்லாரும் முன்கூட்டியே பெயர் தந்தவர்கள். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம், இருபது நிமிடம். எங்கள் ஆட்கள் இருவர் கூடவே நிற்பார்கள். வரைபடத்தின் பிரதியைக் காட்டுவோம். உறுதியின் பிரதியை அன்று யாருக்கும் கொடுக்கமாட்டோம், வாங்குகிறவரின் சட்டத்தரணி கேட்கும்போதுதான் கொடுப்போம். கள்ள உறுதி எழுதுகிறவர்கள் இருக்கிற நாட்டில் இதில் இளக்கம் காட்ட முடியாது. பூட்டிய வீடென்றாலும் நகை, கடவுச்சீட்டு, பழைய பத்திரங்கள் எதையும் அலுமாரியில் விட்டுவைக்காதீர்கள்.

"நான் எடுக்கிறேன், வேறு ஆளுக்குக் கொடுக்காதீர்கள்" என்று அந்த இடத்திலேயே சொல்பவர்கள் வருவார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் அந்த வாய்ச்சொல்லை நம்பி மற்றவர்களை அனுப்பிவிடாதீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையோ அதற்கான உடன்படிக்கையோ நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். வாங்குகிறவர்களுக்கு முத்திரை வரிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 2 கோடி ரூபாய் வீட்டுக்கு அது 7,99,000 ரூபாய். இதை நினைக்காமல் விலை பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்களைக் கண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாள் வைத்தால் உங்கள் வீடு விற்காவிட்டாலும் எங்களுக்கு லாபம்தான். வீடு தேடும் பதினைந்து இருபது பேரின் பெயர் எங்கள் கொப்பிக்கு வந்துவிடும். அதனால் எந்தத் தரகர் "கட்டாயம் வைப்போம்" என்று வற்புறுத்தினாலும், நாங்களாக இருந்தாலும், ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். அந்த நாளுக்கென்று நாங்கள் தனியாகக் காசு வாங்குவதில்லை. துப்புரவுச் செலவு மட்டும் உங்களுடையது.

இந்த ஆவணியில் வீட்டைத் திறந்து காட்ட நினைப்பவர்கள் ஆனி முடிவதற்குள் உறுதிப் பிரதியோடு ஒரு முறை வாருங்கள். நில அளவையாளரைக் கூட்டிப் போகவும், பக்கத்து வளவுக்காரரோடு உட்கார்ந்து கதைக்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் காணி, வீடு விற்பனை நிலையத்தார்,
திருகோணமலை.