செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: எந்த கேமை வாங்குவது, எதற்காக?

நம் வீடியோ கேம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கோடை விடுமுறை முகாமும் பொங்கல் போட்டியும் நல்லபடியாக முடிந்தன. வென்றவர்களின் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அறைக்கு இன்வெர்ட்டர் பொருத்தியாயிற்று. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு முழுக்க நம் கூட்டங்களில் ஓடிக்கொண்டே இருந்த ஒரு கேள்விக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்.

சங்க அறைக்குப் புது கேம்கள் வாங்க ஜூன் மாதம் ஒரு தொகை ஒதுக்கினோம். எதை வாங்குவது என்ற பேச்சு அன்றைக்கு முடியவில்லை, அடுத்த மாதமும் முடியவில்லை. ஒருவர் கிராஃபிக்ஸ் என்றார், ஒருவர் கதை என்றார், இன்னொருவர் விலையைத் தவிர வேறெதுவும் பேசத் தயாராக இல்லை. அப்போது துணைத் தலைவர் அக்கா ஒரு யோசனை சொன்னார்: எல்லோரும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு பதில் எழுதுங்கள். கேம் வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? இந்த ஆண்டு எந்த கேமை அதிக நாள் ஆடினீர்கள்?

சீட்டுகளை நான்தான் பிரித்தேன். முதல் கேள்விக்குக் கிராஃபிக்ஸ், கதை என்று எழுதியவர்களே, இரண்டாவது கேள்விக்கு நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேமைத்தான் பெரும்பாலும் எழுதியிருந்தார்கள். அந்த கேம்களில் பலவற்றில் கதை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஒரு கேமைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் மிகவும் மதிப்பது, அதை யாரோடு ஆடப்போகிறோம் என்பதையே. சீட்டுகளைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது. ஆண்டு முழுக்க நடந்த விவாதங்களுக்குப் பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு வேறு சாட்சி வேண்டாம், போனில் நாலு பேர் குழுவாகப் பேசிக்கொண்டே ஆடும் பப்ஜி போதும். 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அதே மாதிரி சுட்டு விளையாடும் கேம்கள் அப்போதும் செயலிக் கடையில் இருந்தன. சிலவற்றின் படத்தரம் பப்ஜியைவிட நன்றாகவே இருந்தது. நம் பையன்கள் அவற்றுக்குத் தனித்தனியாகப் போகவில்லை, குழுவாகப் போனார்கள். நாலு பேரில் மூன்று பேர் எங்கே போனார்களோ, நாலாவது ஆளும் மனமில்லாமலேயே அங்கே போனான். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பி வந்தபோது எல்லோரும் சேர்ந்தே திரும்பினார்கள். 2022 ஜூலையில் அது கடைகளிலிருந்து மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. ஒரே ஒரு கேமுக்காக மூன்று வருடத்தில் இத்தனை முறை போய்வர வைத்தது, காதில் கேட்டுக்கொண்டிருந்த நண்பர்களின் குரல்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் உருவாக்கிய ஃபௌஜி, 2021 குடியரசு தினத்தன்று பெரும் எதிர்பார்ப்போடு வெளியானது. ஆனால் வந்த அன்று அதில் இருந்தது ஒருவர் மட்டும் ஆடக்கூடிய கல்வான் பள்ளத்தாக்குப் பகுதிதான். நண்பர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போக வழியில்லை. ப்ளே ஸ்டோரில் மதிப்பெண் வேகமாக இறங்கியது.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. இணையத்தில் குழுவாகச் சுட்டு விளையாடும் கன்கார்ட் என்ற கேமை சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 40 டாலர். படத்தரம் மோசமில்லை. சுடும்போது கைக்கு நன்றாக இருந்தது என்றே பலரும் சொன்னார்கள். ஆட ஆள் வரவில்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, சர்வரை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வகை கேம்கள் இலவசமாகக் கிடைக்கும்போது, நண்பர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும்போது, 40 டாலர் கொடுத்துத் தனியாக ஒரு காலி மைதானத்துக்கு யார் போவார்கள்?

2025 ஜூனில் வந்த பீக் என்ற சின்ன கேமைப் பாருங்கள். விலை 8 டாலர்தான். எளிமையான பொம்மை உருவங்களாக நாலு பேர் ஒரு மலையில் ஏற வேண்டும். ஒருவர் வழுக்கினால் இன்னொருவர் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நம் அறையில் அது ஓடிய மாலைகளில் வாசலில் நின்று பார்த்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சங்கப் பணத்தில் வாங்கியவற்றில் மிகச் சரியான செலவு இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது ஸ்பிளிட் ஃபிக்‌ஷன். ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்க, 2025 மார்ச்சில் வெளிவந்தது. இவர்களுடைய முந்தைய கேம் இட் டேக்ஸ் டூ போலவே இதையும் தனியாக ஆட முடியாது, கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் தன் வீட்டிலிருந்தே இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். வெளியூரில் படிக்கும் அண்ணனும் இங்கே பிளஸ் ஒன் படிக்கும் தங்கையும் இதை வார இறுதிகளில் சேர்ந்து ஆடி முடித்ததை அந்தத் தங்கை நவம்பர் கூட்டத்தில் சொன்னாள். ஆட்டம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம் என்றாள்.

சரி, மறுத்துப் பேசியவர்களின் கருத்துகளையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவை வலுவானவை.

முதலாவது, கருவி. "நம்ம போன்ல ஓடுமா?" என்பதே முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்தான் என்று கல்லூரி மாணவர்கள் பலர் வாதிட்டார்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற பெரிய கேமைக் கணினியில் நிறுவ 150 ஜிபி இடம் வேண்டும். பண்ணை நடத்தும் கேமான ஸ்டார்டியூ வேலிக்கு 500 எம்பி போதும். விலை குறைந்த லேப்டாப் வைத்திருப்பவருக்கு எது சிறந்த கேம் என்ற விவாதம் இந்த இரண்டு எண்களிலேயே முடிந்துவிடுகிறது. ஃப்ரீ ஃபயர் சிற்றூர்கள்வரை பரவியதும் குறைந்த ரேம் உள்ள போனிலும் ஓடியதால்தான். இதை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனால் எல்லோருடைய போனிலும் ஓடினால்தான் எல்லோரும் சேர முடியும் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, தனியாக ஆடுபவர்கள். நம் சங்கத்தில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "குக்கர் விசில் அடிச்சா எழுந்து போகணும். நடுவுல விட்டுட்டுப் போக முடியாத கேம் எனக்கு வேண்டாம்." கணினியில் ஸ்டார்டியூ வேலி ஆடும்போது, கேமுக்குள் ஒரு நாள் முடிந்து படுக்கைக்குப் போனால்தான் சேமிக்கும். அந்த ஒரு நாள் என்பது சுமார் கால் மணி நேரம். அவருக்கு அந்தக் கால் மணி நேரமே பெரிய தொகை. இப்படிப்பட்டவர்களுக்கு உடன் ஆட ஆள் தேவையில்லை. பகல் முழுக்க ஆட்களோடுதான் இருக்கிறார்கள். என் கருத்து இவர்களுக்குப் பொருந்தாது என்பதை மதிப்போடு ஒப்புக்கொள்கிறேன். எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலு ஆண்டுக்கு மேல் தனியாக உழைத்து 2016 இல் வெளியிட்ட கேம் அது. அவர் மனத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் ரிச்சர்ட் பார்ட்டில் பற்றிப் பேசினார். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978 இல் தொடங்கி, பார்ட்டிலும் சேர்ந்து வளர்த்த மட் என்ற எழுத்து வழி கேம்தான் பலர் ஒரே உலகத்தில் ஆடும் கேம்களுக்கு முன்னோடி. 1996 இல் பார்ட்டில் எழுதிய கட்டுரையில், ஆடுபவர்களைச் சீட்டுக்கட்டின் நாலு இனங்களாகப் பிரித்தார். வெற்றியும் புள்ளியும் தேடுபவர் டைமன், இடத்தைத் தோண்டித் துருவுபவர் இஸ்பேடு, மனிதர்களுக்காக வருபவர் ஆர்ட்டின், அடுத்தவரை அடிக்க வருபவர் கிளாவர். அன்றைக்கு அறையில் இருந்த எல்லோரும் தம்மை எதில் சேர்ப்பது என்று வாதாடித் தீர்த்தார்கள். ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான்.

பணம் கொடுத்தவர் ஜெயிக்கும் கேம்கள் பற்றி இங்கே இரண்டு கருத்து இல்லை. 2017 இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வெளியானபோது, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலேயே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸுக்கு எதிராக உலகம் முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பையும், அடுத்த ஆண்டு பெல்ஜியம் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்ததையும் மூத்த உறுப்பினர்கள் நினைவூட்டினார்கள். கேமுக்குள் உடையும் நிறமும் வாங்குவது அவரவர் விருப்பம். பலம் விற்கும் கேமைப் போட்டியில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்கிறது, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கேம் போட்டிகளை அங்கீகரிக்கிறது. நம் சங்கத்தில் பணம் வைத்து ஆடுவது என்றைக்கும் கிடையாது.

டிசம்பரில் நடந்த குடும்ப நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. அன்றைக்கு வெண்பா கேமைப் பெரிய திரையில் போட்டோம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024 பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தில், அம்மா வெண்பா சமைக்கிறார், மகன் கவின் வளர்கிறான். வெண்பாவுடைய அம்மாவின் பழைய சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஆடுபவர்தான் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லி வேகவைக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் திணறினார்கள். அப்போது பார்வையாளர்களில் ஒரு பாட்டி எழுந்து வந்து, "தட்டை இப்படியா வைப்பாங்க?" என்று பேரனிடமிருந்து கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். பட்டன் எது என்று பேரன் சொல்ல, தட்டு எது என்று பாட்டி சொல்ல, அந்தக் கட்டம் முடிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேமுக்கு இந்த விலையா என்று முன்பு ஆட்சேபித்த உறுப்பினர், அன்றைக்கு அதற்கான பங்கைத் தானே கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தும் விட்டார். அவருக்கு என் நன்றி.

வரும் ஆண்டுக்குக் கொள்முதல் குழு பின்வருமாறு செயல்படும். சங்கப் பணத்தில் வாங்கும் கேம்களில் பெரும்பகுதி, ஒரே அறையில் இரண்டு பேராவது சேர்ந்து ஆடக்கூடியதாக இருக்கும். தனியாக ஆடுபவர்களுக்கென ஒரு பங்கு நிச்சயம் ஒதுக்கப்படும். சர்வர் நின்றால் கேமே போய்விடும் வகையை வாங்குவதில்லை. 2024 மார்ச் மாத இறுதியில் தி க்ரூ என்ற கார் பந்தய கேம் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போனது நினைவிருக்கட்டும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய வாரத்திலேயே நம் கணினிகளில் ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை இளைஞர் பிரிவு ஏற்கிறது.

சந்தாவைப் புதுப்பிக்காதவர்கள் இன்று வாசலில் உள்ள மேஜையில் கட்டிவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஆளுக்கொரு கேமின் பெயரையும் அதை யாரோடு ஆட விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் முதல் கொள்முதல். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்