ஐம்பது நாள் எரியவேண்டிய திரி: வழிபாட்டுக் குழுத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

பங்கின் வழிபாட்டுக் குழுப் பொறுப்பு இந்த ஆண்டு உன் கைக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. உயிர்ப்பு விழாவுக்கு நீ போட்ட பட்டியலையும் பார்த்தேன். கல்லறை செட், புகை, மின்னல் விளக்கு, திரை விலகும்போது ஆண்டவர் சுரூபம் மேலே எழும்ப ஒரு மோட்டார் என்று நீளமாகப் போகிறது. கடைசி வரி மட்டும் சின்னது: "பாஸ்கா திரி – போன வருசத்தது இருக்கு, நம்பர் மட்டும் மாத்தி ஒட்டணும்."

உயிர்ப்பு இரவில் ஏற்றி ஐம்பது நாள் எரியவைக்கிற பெரிய மெழுகுதிரியைப் பற்றிய அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்கவேண்டியிருக்கிறது.

1988 ஜனவரியில் உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் பாஸ்கா கொண்டாட்டங்கள் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் திரியைப் பற்றிக் கறாராகவே சொல்லியிருக்கிறது: மெழுகில் செய்ததாக இருக்கவேண்டும், செயற்கையானது கூடாது, ஆண்டுதோறும் புதிது வேண்டும், ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும், கிறிஸ்து உலகின் ஒளி என்பது பார்த்தவுடன் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். வெளியே மெழுகுபோல் பூசிய குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி எரிக்கிறார்களே, அது இந்தக் கணக்கில் சேராது. காரணம் அன்றிரவு பாடுகிற பாஸ்கா புகழுரையிலேயே இருக்கிறது. தேனீக்களின் உழைப்பைச் சொல்லி அந்தத் திரியைக் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கிறோம்; மெழுகு உருகித் தீயை வளர்க்கிறது என்றும், எத்தனை பேருக்குப் பகிர்ந்தாலும் அந்தச் சுடர் குறையாது என்றும் பாடுகிறோம். குழாய்க்கு உருகத் தெரியாது. பாடுவது ஒன்று, மேடையில் நிற்பது வேறு என்றாகிவிடும்.

முழுத் தேன்மெழுகு கட்டுப்படியாகாது என்றால் கலப்பு மெழுகு வாங்கு. அளவை நிதிக்குழுவிடம் கேட்காதே, நீயே கணக்குப் போடு. இந்த 2026ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, ஐம்பதாம் நாளான தூய ஆவிப் பெருவிழா (பெந்தக்கோஸ்து) மே 24. சனி இரவு வழிபாடான திருவிழிப்புக்கு மூன்று மணி நேரம். எட்டு ஞாயிறு, ஞாயிற்றுக்கு இரண்டு பூசை என்றால் ஏறக்குறைய இருபது மணி நேரம். வாரநாள் பூசைகள் நாற்பத்திரண்டு; முக்கால் மணி வீதம் ஏறக்குறைய முப்பத்திரண்டு மணி. ஆக 55 மணி நேரம். மணிக்கு 7 கிராம் மெழுகு கரையும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை அங்குல விட்டமுள்ள திரியில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் போகும். அதன்பின் ஆண்டு முழுவதும் திருமுழுக்குக்கும் அடக்கத்துக்கும் எரியவேண்டும். எனவே மூன்றடிக்குக் குறையாமல் வாங்கு. சிலுவையையும் ஆண்டு எண்களையும் உச்சியிலிருந்து ஓரடிக்குக் கீழேதான் வைக்கவேண்டும். அழகுக்காக மேலே ஒட்டிவிட்டு, நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறு வருவதற்குள், சிலுவையின் மேலுள்ள அல்ஃபா எழுத்து உருகிப்போன திரிகள் உண்டு.

உள்ளே ஓடும் நூலையும் செய்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள். மெலிதாக இருந்தால் உருகிய மெழுகில் மூழ்கி அணையும். தடியாக இருந்தால் கரியடித்து ஒழுகும். புதுத் திரியின் நுனி மெழுகுக்குள் புதைந்திருக்கும், காற்றடிக்கிற முற்றத்தில் லேசில் பற்றாது. பகலிலேயே நுனியைச் சுரண்டி நூலை அரை சென்டிமீட்டர் வெளியே எடுத்துவிடு. சிலுவையில் செருகும் ஐந்து சாம்பிராணி மணிகளுக்கான துளைகளையும் சுட்ட ஆணியால் முன்னதாகவே போட்டுவை. இருட்டில் அழுத்திச் செருகினால் மெழுகு விரியும், சாமியார் கையும் சுடும். அதுவரை திரியை நேராக நிறுத்திவை. ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை அறையில் சாய்த்து வைத்தால் வில்லாகிவிடும்.

எண்கள் எங்கே வரவேண்டும் என்பதில் குழப்பம் வரும். சிலுவையின் மேலே கிரேக்கத்தின் முதல் எழுத்து அல்ஃபா, கீழே கடைசி எழுத்து ஒமேகா. இடது மேல் மூலையில் 2, வலது மேலே 0, இடது கீழே 2, வலது கீழே 6. நம் திருவிவிலியம் திருவெளிப்பாட்டில் இதை "அகரமும் னகரமும்" என்று சொல்கிறது. ன மெய்யெழுத்து வரிசையின் கடைசி எழுத்து. மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் சொல்லித் திணறாமல் இதைச் சொல். காலம் முழுவதும் அவருடையது என்று சொல்லிக்கொண்டே அந்த நான்கு எண்களைக் கீறுவது சின்ன விசயமில்லை. இந்த ஆண்டின் கடனும் நோயும் தேர்வுத் தோல்வியும் எல்லாம் அந்த எண்களுக்குள் அடங்கும். "நம்பர் மட்டும் மாத்தி ஒட்டணும்" என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் சுருக்கென்றது.

இனி அந்த இரவு. சனிக்கிழமை நன்றாக இருட்டியபிறகுதான் தொடங்கவேண்டும். ஞாயிறு விடிவதற்குள் முடியவேண்டும். ஒரு காலத்தில் இது சனிக்கிழமை காலையிலேயே, வெயிலில், நான்கைந்து பேரோடு முடிந்துபோகும் சடங்காக இருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1951இல் முதலில் சோதனையாகவும், 1955இல் முறைப்படியும் அதை இரவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். எனவே "கூட்டம் வராது, ஆறரைக்கே ஆரம்பிப்போம்" என்று யாராவது சொன்னால் அசைந்து கொடுக்காதே.

புதுத் தீ உண்மையான தீயாக இருக்கவேண்டும். தட்டில் கற்பூரம் ஏற்றி ஒப்பேற்றாதே. காய்ந்த விறகு, தென்னம்பாளை போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் புகை, பெட்ரோல் ஊற்றினால் ஆபத்து. தூபக்கலசத்துக்கான கங்கும் அதே தீயிலிருந்துதான் வரவேண்டும், ஆகவே சிரட்டைக் கரியை முன்கூட்டியே அதில் போட்டுவிடு. அந்தத் தீயில் திரியை ஏற்றிக் கோவிலுக்குள் போகும் பவனியில் மூன்று இடங்களில் திரியை உயர்த்திப் பாடுவார்கள்: வாசலில், நடுக்கோவிலில், பீடத்தின் முன். இரண்டாவது முறைக்குப் பின் மக்கள் தங்கள் திரிகளை ஏற்றுவார்கள். எரியும் திரியை நேராகப் பிடித்து, எரியாத திரியைத்தான் சாய்த்துப் பற்றவைக்கவேண்டும் என்று அறிவிப்பில் ஒரு வரி சொல்லிவிடு. பாதி சேலைகள் தப்பிக்கும்.

மூன்றாவது முறைக்குப் பின் கோவில் விளக்குகள் எரியவேண்டும், பீடத்து மெழுகுதிரிகள் மட்டும் காத்திருக்கும். "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாடலைப் பாடும்வரை கோவிலை இருட்டிலேயே வைத்திருப்பது நாடக உத்தி, திருப்பலிப் புத்தகத்தின் குறிப்பு அல்ல. நற்செய்திக்கும் ஒன்று கவனி: அன்று தூபம் மட்டும்தான், பீடச்சிறுவர்கள் மெழுகுதிரி ஏந்தி வருவதில்லை. பாஸ்கா திரி அங்கேயே எரிந்துகொண்டிருக்கிறதே!

வாசகங்களைக் குறைக்கச் சொல்லி உன்னை நெருக்குவார்கள். பழைய ஏற்பாட்டில் ஏழு இருக்கிறது. மேய்ப்புப்பணிக் காரணம் இருந்தால் குறைக்கலாம், ஆனாலும் குறைந்தது மூன்று இருக்கவேண்டும், செங்கடல் கடந்த விடுதலைப் பயணப் பகுதியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. வாசகம், பதிலுரைப் பாடல், சற்று அமைதி, மன்றாட்டு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஆறேழு நிமிடம். ஏழும் முக்கால் மணி நேரத்தில் முடியும். மக்கள் தூங்குவதற்கு வாசகங்களின் எண்ணிக்கை காரணமில்லை. அன்று மாலை கையில் திணித்த தாளைப் பார்த்துத் தடுமாறி வாசிப்பதுதான் காரணம். இரண்டு வாரம் முன்பே ஆள் போட்டு, ஒலிபெருக்கியில் ஒத்திகை பார்.

இப்போது உன் மோட்டார். கோபித்துக்கொள்ளாதே. நான்கு நற்செய்திகளையும் எடுத்துவைத்துத் தேடிப்பார்: ஆண்டவர் உயிர்த்தெழுந்த அந்த நொடியை ஒருவரும் எழுதவில்லை. இந்த ஆண்டு திருவிழிப்பில் வாசிக்கிற மத்தேயுவில் நிலம் நடுங்குகிறது, தூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்காருகிறார், காவலர்கள் செத்தவர்போல் ஆகிறார்கள். ஆனால் அவர் அதற்குள் அங்கே இல்லை! மாற்கு 16:8இல் பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யோவானில் சுற்றிவைத்த துணிகள் மட்டும் கிடக்கின்றன. கண்டவர்கள் கண்டது வெறுமையான கல்லறையையும், பிறகு உயிருள்ள அவரையும்தான். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்த நேர்மையில்தான் நம் நம்பிக்கை நிற்கிறது. மோட்டார் அந்த இடைவெளியைப் புகை போட்டு மூடுகிறது. ஊர் வழக்கத்தை ஒரே ஆண்டில் நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சுரூபத்தைப் பூவோடு முன்னதாகவே இடத்தில் வைத்து, பாடலின்போது திரையை மட்டும் விலக்கினால் யாருக்கும் குறையிராது. மிச்சமாகும் பணத்தில் நல்ல திரி வாங்கு. மிச்சமாகும் நேரத்தைத் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொடு. திரியைத் தண்ணீரில் இறக்கித் தண்ணீரை மந்திரிப்பது அந்த இரவின் பெரிய தருணங்களில் ஒன்று. அது எல்லோர் கண்ணுக்கும் தெரியவேண்டும். பிளாஸ்டிக் வாளியில் செய்யாதே.

திங்கட்கிழமை காலைதான் எனக்குப் பெரிய கவலை. தவக்காலத்தின் நாற்பது நாளையும் உடம்பால் வாழ்கிறோம்: சாம்பல், ஒருசந்தி, காவி, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். பாஸ்கா காலம் அதைவிட நீளம், ஐம்பது நாள். அதற்கு உடம்பால் என்ன செய்கிறோம்? சனி இரவு பட்டாசு, ஞாயிறு பிரியாணி, அதோடு சரி. உயிர்ப்பு எண்கிழமையின் எட்டு நாளும் பெருவிழாக்கள். அந்த வெள்ளியன்று புலால் தவிர்க்கும் கடமைகூட இல்லை, திருச்சபைச் சட்டம் 1251 அதற்கு இடம் தருகிறது. இதைப் பாட்டிகளிடம் சொல்லிப் பார், நம்பமாட்டார்கள்.

செய்யக்கூடியவை நிறைய உண்டு, எல்லாம் செலவில்லாதவை. ஐம்பது நாளும் மூவேளைச் செபத்துக்குப் பதிலாக "விண்ணக அரசியே" என்ற மரியா செபத்தைச் சொல்லவேண்டும், நின்றுகொண்டு. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் இருபதாம் விதியே இந்நாள்களில் முழந்தாளிடாமல் நின்று மன்றாடச் சொல்கிறது. உயிர்த்தவர்கள் நிற்பார்கள் என்பது அதன் பொருள். ஞாயிறுகளில் பாவமன்னிப்பு வழிபாட்டுக்குப் பதிலாகத் தீர்த்தம் தெளிக்கலாம். பூசை முடிவில் மக்களை அனுப்பும் பிரியாவிடையில் இரண்டு அல்லேலூயா சேர்ப்பது எண்கிழமையிலும் தூய ஆவிப் பெருவிழாவிலும் மட்டும்தான். ஆர்வத்தில் ஐம்பது நாளும் இழுக்கும் பாடகர் குழுவைத் தடுத்துவை. முதல் வாசகம் திருத்தூதர் பணிகளுக்கு மாறுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அது கல்லறைக்கு வெளியே என்ன நடந்தது என்ற வரலாறு. வெள்ளி மாலைகளில் ஒளியின் பாதை நடத்திப் பார். காலியான கல்லறையிலிருந்து பெந்தக்கோஸ்து வரை பதினான்கு நிலைகள். 2001இல் வந்த பொதுமக்கள் பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டியும் இதைப் பரிந்துரைக்கிறது. சிலுவைப்பாதைக்கு நூறு பேர் வந்த ஊரில் இதற்குப் பத்துப் பேர் வரலாம். பரவாயில்லை.

இந்த ஐம்பது நாளும் எல்லாப் பூசைக்கும் திரி எரியவேண்டும். வாசக மேடைப் பக்கம் வை, மின்விசிறிக் காற்று படாத இடத்தில். ஒருபக்கக் காற்று பட்டால் ஒரு பக்கச் சுவர் உருகி மெழுகு வழிந்து, ஒரு வாரத்தில் திரி குகைபோலாகிவிடும். ஒவ்வொரு நாளும் ஏற்றுமுன் கருகிய நுனியைக் கிள்ளிவிடு. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் விண்ணேற்றத்தன்று நற்செய்திக்குப் பின் அணைக்கச் சொல்வார்கள்; அது முன்பிருந்த முறை. இன்று தூய ஆவிப் பெருவிழா முடியும்வரை அங்கேயே நிற்கவேண்டும்.

ஏப்ரல் 12 அன்று, இறை இரக்க ஞாயிறு என்று எல்லாரும் படத்துக்கு மாலை போடுவதில் மும்முரமாக இருப்பார்கள். அன்றைய நற்செய்தி வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் மாறாமல் தோமாவுடையதுதான். மயிலாப்பூரில் அவர் கல்லறை என்று நாம் போற்றும் இடத்துக்கு இரயிலேறிப் போகிற நமக்கு அவர் அந்நியரல்ல. "சந்தேகத் தோமா" என்று அவரை மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமில்லை. மத்தேயு 28:17 கலிலேய மலையில் ஆண்டவரைப் பணிந்தபோதே சிலர் ஐயுற்றார்கள் என்கிறது. தோமா கேட்டதும் காயங்களைத்தான், அற்புதத்தையல்ல. உயிர்த்தவர் காயம் ஆறாதவராகவே வந்தார். "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று எழுந்தேற்றத்தின்போது, அதாவது பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது, வாய்க்குள் சொல்கிற பழக்கம் நம் பாட்டிகளுக்கு உண்டு. தவக்காலம் முடிந்தும் வீட்டில் துக்கம் முடியாதவர்கள் உன் பங்கில் இருப்பார்கள். திரியில் குத்திய ஐந்து சாம்பிராணி மணிகளும் அந்தக் காயங்கள்தான் என்று அவர்களிடம் காட்டு. புதுத் திரியிலும் அவை உண்டு.

மே 24 மாலை, கடைசிப் பூசை முடிந்ததும் திரியைத் திருமுழுக்குத் தொட்டியருகே மாற்றிவிடு. ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோகாதே. அதன்பின் அது எரியவேண்டியது இரண்டு வேளைகளில்: பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, அந்தத் திரியிலிருந்து ஒரு சின்னத் திரியைப் பற்றவைக்க; அடக்கப் பூசையில், பெட்டியின் பக்கத்தில். அடக்கத்துக்கு அதை எடுக்கிற பழக்கம் பல பங்குகளில் விட்டுப்போயிற்று, நான்கு பக்கமும் நான்கு சாதாரண மெழுகுதிரி வைத்து முடித்துவிடுகிறார்கள். பாஸ்கா இரவில் உரோமையர் 6இலிருந்து வாசிக்கிறோமே, திருமுழுக்கில் அவரோடு அடக்கம் செய்யப்பட்டோம், அவரோடு வாழ்வோம் என்று. அதன் மறுபாதி அந்தப் பெட்டியருகேதான் நடக்கிறது. திரியின் அடியில் தட்டு, பக்கத்தில் தீப்பெட்டி, கனமான தாங்கி மூன்றையும் சேர்த்தே வைத்துவிடு. ஐப்பசி மழையில் மதியம் இரண்டு மணிக்கு யாராவது ஓடிவந்து சாவு என்று சொல்லும்போது, சாவி யாரிடம் என்று நீ தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

அன்புடன்,
அண்ணன்