ஸ்பானிஷ் பேசும் குழந்தை என்றால் எந்த ஊர்க் குழந்தை?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தையின் ஞாபகசக்தி, கவனம், பேச்சு எல்லாவற்றையும் சோதித்து மதிப்பெண் போட்டுத் தருகிற மையங்கள் இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டன. அந்த மதிப்பெண் எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் போடப்பட்டது என்று கேட்கிற பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்தவன் நான். இந்தக் கேள்வியோடு ஸ்பானிஷ் பேசும் நாடுகள் பட்ட பாட்டை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஒரு பையன் ஒரு நிமிடத்தில் எட்டு விலங்குகளின் பெயரைச் சொல்கிறான் என்று வையுங்கள். எட்டு என்பது நிறையவா குறைச்சலா? அவன் வயதுப் பிள்ளைகள், அவனைப் போலவே வளர்ந்தவர்கள், எத்தனை சொல்கிறார்கள் என்ற அட்டவணை இருந்தால்தான் தெரியும். இதைத்தான் நார்ம்ஸ் என்கிறார்கள். இது இல்லாமல் எவ்வளவு பெரிய நிபுணர் சோதித்தாலும் வருவது வெறும் எண்தான்.

அட்டவணை மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் டயானா வழக்கு போதும். மாண்டரே மாவட்டத்தில் மெக்சிகோ வழிக் குழந்தைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் உட்காரவைத்தார்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். 1970-ல் வழக்கு சமரசத்தில் முடிந்து, வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஆனது. இத்தனைக்கும் நியூ மெக்சிகோக்காரரான ஜார்ஜ் சான்செஸ் என்ற கல்வியாளர் 1930-களிலேயே இந்தச் சோதனைகளைக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்!

சரி, கேள்விகளை ஸ்பானிஷில் மாற்றிவிட்டால் போதுமா? போதாது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். உனோ, குவாத்ரோ, சின்கோ, சியெத்தே, ஓச்சோ, நுவேவே என்று ஸ்பானிஷ் எண்களில் பெரும்பாலானவை இரண்டு அசை. ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை செவன் மட்டும்தான் அப்படி. சொல் நீண்டால் மனதில் நிற்கும் எண்களின் வரிசை குறையும். அதற்காக அந்தக் குழந்தைக்கு ஞாபகசக்தி மட்டு என்று எழுத முடியுமா? இன்னொன்று, 'எஸ்' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்லும் சோதனை. லிமாவிலோ ஹவானாவிலோ இருக்கும் ஆறு வயதுக் குழந்தை ஷூவைக் குறிக்கும், 'இசட்' எழுத்தில் தொடங்கும் 'சபாத்தோ'வையும் சொல்லிவிடும், ஏனென்றால் அங்கே 'இசட்' எழுத்துக்கும் அதே ஒலிதான். மாட்ரிட் குழந்தைக்கு இரண்டும் வேறு வேறு ஒலி, குழப்பமே வராது. ஆக மொழி ஒன்றாக இருந்தும் சோதனை ஒன்றாக இல்லை.

மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்து, எஸ்மெரால்டா மதுதே குழுவினர் 2007-ல் 'எனி' என்ற சோதனைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 2017-ல் அரங்கோ-லாஸ்பிரில்லாவும் தியேகோ ரிவேராவும் இன்னும் பலரும் சேர்ந்து சிலி, கியூபா, ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ, பராகுவே, பெரு, போர்ட்டோ ரிகோ, ஸ்பெயின் என்று 10 இடங்களில், 6 முதல் 17 வயது வரையுள்ள 4,373 ஆரோக்கியமான பிள்ளைகளிடம் 10 சோதனைகளை நடத்தி அட்டவணைகளை வெளியிட்டார்கள். எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாமல் நாட்டுக்கு நாடு தனித்தனியாகக் கணக்குப் போட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வயது, ஆணா பெண்ணா என்பதோடு, பெற்றோர் 12 வருடத்துக்கு மேல் படித்தவர்களா என்பதையும் பார்த்தார்கள்.

இந்தப் பெற்றோர் படிப்பு விஷயத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதற்கேற்ற அட்டவணை வைப்பது நியாயம்தான், இல்லாத நோயை அதன் தலையில் கட்டாமல் இருக்கலாம். ஆனால் சத்துக் குறைவாலோ ஈயம் உடம்பில் சேர்ந்ததாலோ ஒரு பகுதிப் பிள்ளைகளே பின்தங்கியிருந்தால், அவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டு "சராசரிதான்" என்று அனுப்பிவிடுவோம், உதவியும் கிடைக்காது. இரண்டு அட்டவணைப்படியும் மதிப்பெண்ணை எழுதித் தருவதுதான் சரி என்பேன்.

பராகுவேயில் வீட்டில் குவரானியும் பள்ளியில் ஸ்பானிஷும் பேசும் குழந்தை, குவாத்தமாலாவில் மாயன் மொழி பேசும் குழந்தை, மயாமியில் பிறந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் குழந்தை இவர்களை எல்லாம் எந்த வரிசையில் வைப்பது என்பது இன்னும் பெரிய தலைவலி.

நம் பக்கமும் வருகிறேன். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்காக மத்திய அரசு 2018-ல் தந்த வழிகாட்டுதலில் இருந்த நுண்ணறிவுச் சோதனைகளில் ஒன்று, 1969-ல் நாக்பூரில் மாலின் என்பவர் உருவாக்கியது. அரை நூற்றாண்டு தாண்டிய அட்டவணையில் இன்றைய குழந்தைக்கு மதிப்பெண் கூடுதலாகத்தான் வரும், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை தப்பிவிடும். தமிழ் வழியில் படிப்பவர், ஆங்கில வழியில் படிப்பவர், கிராமம், நகரம், பெற்றோர் படிப்பு என்று பிரித்துப் புதிதாக நார்ம்ஸ் எடுக்க நம் பல்கலைக்கழக உளவியல் துறைகளுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஒரு முறை எடுத்துவிட்டு அடுத்த ஐம்பது வருடம் அதையே ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம், குறைந்தது பதினைந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்