மீன் தொட்டி கேட்டால் கொசுவைக் காட்டாதீர்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மொட்டை மாடியில் தொட்டி வைத்து மீன் வளர்த்து, அந்தத் தண்ணீரிலேயே கீரையும் போடுகிறேன் என்று யாராவது அனுமதி கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான்: கொசு வரும், நாற்றம் அடிக்கும். மறுப்பதற்கு உருப்படியான காரணம் ஒன்று உண்டு: தொட்டியின் எடை. அதை யாரும் கேட்பதில்லை.

மீன் இருக்கிற, பம்பு ஓடுகிற தொட்டியில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். கொசு வேண்டாமென்றால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை முதலில் பாருங்கள். நாற்றம் வருவது மிஞ்சிய தீவனம் அழுகுவதால். மீன் கழிவின் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. அதைத்தான் கீரையின் வேர் உறிஞ்சுகிறது. அந்த பாக்டீரியா பெருக நாலைந்து வாரம் பிடிக்கும். பொறுக்காமல் தொட்டி வாங்கிய அன்றே குஞ்சுகளைக் கொட்டினால் மீன் செத்து மிதக்கும், அப்புறம் நாறத்தான் செய்யும்.

சரி, எடைக்கு வருவோம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ள பொதுவான சுமைக் கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே அது தீர்ந்துவிடும். மீன் தொட்டியோ இடுப்பளவு ஆழம் இருக்கும். செடி நிற்கும் ஜல்லியின் எடை தனி. பொறியாளர் பார்க்காமல் இதை மாடியில் ஏற்ற விடவே கூடாது.

அதற்காக ஆசைப்பட்டவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். தரைத்தளத்தில் காம்பவுண்டுச் சுவரோரம் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுங்கள். வீட்டுச் செலவு குறையும் என்று நான் சொல்ல வரவில்லை. தீவனத்தையும் கரன்ட் பில்லையும் கூட்டிப் பார்த்தால் மார்க்கெட் மீனே மலிவாக இருக்கலாம். ஆனால் புதினாவும் பாலக்கும் நன்றாக வரும். வேரைத் தொட்ட தண்ணீர் தொட்டிக்கே திரும்புவதால், ஆவியாகிற அளவுக்கு ஊற்றினால் போதும். லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் இது பெரிய விஷயம்.

நிபந்தனை போடுங்கள், தப்பில்லை. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடாது. காற்று பம்புக்கு பேட்டரி வேண்டும். கரன்ட் போனால் சில மணி நேரத்திலேயே மீன் திணறிவிடும். சங்கத்தின் பக்கம் ஒரே ஒரு வேலைதான்: கொசுப்புகை அடிக்கும் தேதியை முந்தின நாளே நோட்டீஸ் பலகையில் போட்டுவிடுங்கள். அந்த மருந்து மீனுக்கு விஷம். தொட்டியை மூடி வைக்க அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குடியிருப்புவாசி